சான்றிதழும் மனந்திரும்புதலும்: கனடாவின் பூர்வகுடிப் பண்பாட்டுப் பயிற்சி பற்றிய ஒரு திறனாய்வு

மருத்துவர், செவிலியர், வழக்கறிஞர், ஆசிரியர் போன்றோர் பட்டம் பெற்றதோடு தம் கல்வியை முடித்துக்கொள்ளலாகாது என்பது இன்று பல நாடுகளிலும் ஏற்கப்பட்ட கொள்கை. புதிய மருந்தையும் புதிய சட்டத்தையும் அவர்கள் பணியிலிருக்கும்போதே கற்றாக வேண்டும். இதனைத் தொடர்கல்வி என்பர். அண்மை ஆண்டுகளில் கனடா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இத்தொடர்கல்வியினுள் வேறொரு பாடமும் நுழைந்துள்ளது. அந்தந்த நாட்டுப் பூர்வகுடியினரின் வரலாற்றையும் பண்பாட்டையும், குடியேற்ற ஆட்சியின்கீழ் அவர்கள் அடைந்த இன்னலையும், அவர்களுக்குப் பணிசெய்வோர் கற்கவேண்டும் என்பதே அப்பாடம்.

இதனை இறையியல் ஏடு ஒன்றில் ஆராய்வானேன் என்று வாசகர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, கனடாவில் இப்பாடம் தேவைப்பட்டதற்குத் திருச்சபைகளே ஒரு பெருங்காரணம். இரண்டாவது, அயலானைப் பற்றி ஒருவன் நெஞ்சில் ஊறிய இகழ்ச்சியைப் பாடவகுப்பினால் மாற்றமுடியுமா என்னும் வினா அடிப்படையில் இறையியல் வினாவேயாகும். கனடாவில் குடியேறிப் பணியாற்றும் தமிழ்ச் செவிலியரும் வழக்கறிஞரும் இப்பயிற்சிக்கு உட்படுகிறவர்களே என்பதையும் மறத்தலாகாது. ஆகவே கனடாவின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு, இப்பயிற்சியின் தகுதியையும் குறையையும் இங்கு எடைபோடுவோம்.

1. பயிற்சி பிறந்த சூழ்நிலை

கனடா அரசு பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைத்தது. 19-ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய இம்முறை 1990-களின் பிற்பகுதியிலேதான் முற்றிலும் மறைந்தது. ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் இப்பள்ளிகளுக்குள் சென்றனர். அவர்கள் தாய்மொழி பேசினால் தண்டிக்கப்பட்டனர். 4,100-க்கு மேற்பட்ட குழந்தைகளின் இறப்பு இதுவரை பதிவாகியுள்ளது. பள்ளிகளுட் பெரும்பாலானவற்றை அரசின் சார்பில் நடத்தியவை திருச்சபைகள். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், பிரஸ்பிட்டேரியர், மெதடிஸ்டர், பின்னர் அவர்களுட் பலர் இணைந்து அமைந்த கனடா ஐக்கிய திருச்சபையார் ஆகிய அனைவருக்கும் இதில் பங்குண்டு.

பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்குகளின் உடன்பாட்டால் 2008-இல் உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் அமைந்தது. அது 2015-இல் 94 செயலழைப்புகளை வெளியிட்டது. அவற்றுள் 23, 24 ஆகியவை மருத்துவத் துறைக்கும், 27, 28 ஆகியவை சட்டத்துறைக்கும், 57 அரசு ஊழியருக்கும் உரிய பயிற்சியைக் கோருகின்றன. 60-ஆம் அழைப்பு திருச்சபைகளையும் இறையியற் கல்லூரிகளையும் நோக்கியது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இவ்வழைப்புகளுக்குச் சில தொழிற்சங்கங்கள் செவிகொடுத்தன. வழக்கறிஞர்க்கு உரிமம் வழங்கும் ஆல்பர்ட்டா மாநிலச் சங்கம் 2021-இல் இத்தகைய பாடம் ஒன்றைக் கட்டாயமாக்கிற்று. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலச் சங்கம் 2022-இல் ஏறத்தாழ ஆறு மணிநேரப் பாடம் ஒன்றை விதித்து, அதை முடிக்க இரண்டாண்டு தவணை தந்தது. அம்மாநிலத்துச் சுகாதாரத் துறையிலோ இதற்கும் முன்னரே, 2010 முதல், இணையவழிப் பயிற்சி நடந்துவருகின்றது.

2. கட்டாயப்படுத்தலாமா?

இக்கட்டாயத்தை எதிர்த்தோரும் உண்டு. ஆல்பர்ட்டாவில் ஏறக்குறைய ஐம்பது வழக்கறிஞர் விண்ணப்பித்ததன்மேல், சங்கத்தின் அதிகாரத்தைப் பறிக்கும் முன்மொழிவு 2023 பிப்ரவரியில் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அதனை நிராகரித்தனர். எனினும் விவாதம் அத்துடன் ஓயவில்லை. ஒரு தொழிற்சங்கம் உறுப்பினரின் திறமையைச் சோதிக்கலாம், அவர்தம் கருத்தை வகுத்துக் கொடுக்கலாமோ என்பதே எதிர்ப்போர் வாதம்.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று. மனச்சாட்சியின் உரிமைக்காகப் போராடிய மரபில் வந்த நாம் அதற்குச் செவிசாய்க்கவே வேண்டும். ஆயினும் இரண்டு செய்திகளை வேறுபடுத்திக் காணல் இன்றியமையாதது. வரலாற்றையும் சட்டத்தையும் அறிதல் ஒன்று. அதன்பேரில் இன்னவாறு உணர்தல் மற்றொன்று.

சான்றாக, கனடாவின் இந்தியர் சட்டத்தில் 1927-இல் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. நில உரிமை வழக்குகளை நடத்தப் பூர்வகுடியினர் அரசின் அனுமதியின்றிப் பணம் திரட்டுவதும் வழக்கறிஞரை அமர்த்துவதும் அதனால் இயலாதனவாயின. 1951 வரை அத்தடை நீடித்தது. தம் பாட்டனார்க்கு வழக்கறிஞரை அமர்த்தும் உரிமையே இல்லாதிருந்தது என்றறிந்த ஒருவர், இன்று வழக்கறிஞரின் மேசைமுன் அமர்ந்து வாய்திறவாதிருந்தால் அதில் வியப்பென்ன? அம்மௌனத்தின் காரணத்தை அறியாத வழக்கறிஞர் தம் கட்சிக்காரரைப் புரிந்துகொள்ளமாட்டார். மேலும், பூர்வகுடிக் குற்றவாளிக்குத் தண்டனை விதிக்கையில் அவர்தம் சூழ்நிலையைத் தனியே கருதவேண்டும் என்று 1996-இல் குற்றவியற் சட்டம் திருத்தப்பட்டது. 1999-இல் கிளாடூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை வலியுறுத்திற்று. இதையறியாத வழக்கறிஞர் தொழில் தெரியாதவரே. இவற்றைக் கற்கும்படி சங்கம் கட்டளையிடுவது கருத்துத் திணிப்பாகாது.

ஆகவே அறிவைக் கட்டாயமாக்கலாம். மனமாற்றத்தைக் கட்டாயமாக்க இயலாது. நியாயப்பிரமாணம் குற்றத்தை உணர்த்தும், தீமைக்கு அணையிடும். புதிய இருதயத்தைப் படைக்கமாட்டாது. இது சீர்திருத்தச் சபைகள் தலைமுறை தலைமுறையாகப் போதித்துவரும் உண்மை. பயிற்சியின் ஆதரவாளர் சிலர் ஆறு மணிநேரப் பாடம் மனங்களை மாற்றிவிடும் என்று நம்புகின்றனர். எதிர்ப்போர் சிலர் அது மனங்களை அடிமைப்படுத்திவிடும் என்று அஞ்சுகின்றனர். இருசாராரும் அதற்கு இல்லாத ஆற்றலை ஏற்றிக் கூறுகின்றனர்.

3. பாடப்பொருள் யார்?

கட்டாயத்தினும் பெரிய குறை பாடத்தின் பொருளிலேயே மறைந்திருக்கக்கூடும். பண்பாட்டு விழிப்புணர்வு என்ற பெயரே பிற மக்களின் உணவு, சடங்கு, உறவுமுறை ஆகியவற்றைக் கற்பதைத்தான் எவருக்கும் முதலில் நினைவூட்டும். அவ்வாறாயின் தொழிலோர் பார்வையாளராகவும் பூர்வகுடியினர் பார்க்கப்படும் பொருளாகவும் ஆகிவிடுவர்.

இவ்விடரை முதன்முதல் தெளிவாக எடுத்துரைத்தோருள் ஒருவர் நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் அம்மையார். 1988-இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் நடந்த மாவோரிச் செவிலியர் கூட்டத்தில், முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். சட்டத்தின்படி பாதுகாப்பு, மருத்துவ முறையில் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்பது அக்கேள்வியின் கருத்து. ராம்ஸ்டன் அதனை ஒரு கோட்பாடாக வளர்த்தார். 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் அதனைச் செவிலியர் கல்வியின் கட்டாயப் பகுதியாக்கிற்று. பொதுமக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்து, 1995-இல் பாராளுமன்றக் குழுவின் விசாரணை வரை சென்றது. ஆயினும் கோட்பாடு நிலைபெற்றது.

பண்பாட்டுப் பாதுகாப்பு என்றவுடன் ஒரு பண்பாட்டை அழியாமற் காப்பது என்று தமிழ் வாசகர் பொருள்கொள்ளக்கூடும். ராம்ஸ்டன் கருதியது அதுவன்று. நோயாளி செவிலியரின் கையில் தம் மானமும் தன்னுணர்வும் புண்படாமல் இருத்தலையே அவர் கருதினார். அவர் மூன்று படிகளை வகுத்தார். வேற்றுமை உண்டென அறிதல் முதற்படி. அவ்வேற்றுமையை மதித்துத் தன்னைத் தானே ஆராய்தல் இரண்டாம் படி. நோயாளி பாதுகாப்பை உணரும்படி பணிசெய்தல் மூன்றாம் படி. செவிலியர் மாவோரிச் சடங்குகளைக் கற்றுத் தேர்வதை அவர் வேண்டவில்லை. செவிலியர் தம் அதிகாரத்தையும் முற்சாய்வையும் உணரவேண்டும் என்றே வேண்டினார். பணி பாதுகாப்பானதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை செவிலியர்க்கன்று, நோயாளிக்கே உரியது என்பது அவர்தம் கோட்பாட்டின் உயிர்நாடி.

சடங்குகளின் பட்டியலைக் கற்பது இன்னுமொரு வகையில் கொடுமையாக முடியலாம். உறைவிடப் பள்ளிகள் பறித்தவை அவைதாமே? மொழியும் சடங்கும் பறிக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒருவரிடம், உங்கள் மக்கள் இவ்வாறல்லவோ செய்வர் என்று பாடத்தில் கற்ற செவிலியர் கேட்டால், அவர் இரண்டாம் முறை பறிகொடுத்தவர்போல் நிற்பார். கனடாவின் ஆணையம் கோரியதும் சடங்கறிவையன்று. உறைவிடப் பள்ளிகளின் வரலாறு, உடன்படிக்கைகள், உரிமைகள், இனவெறியை எதிர்க்கும் திறன் ஆகியவையே மீண்டும் மீண்டும் அவ்வழைப்புகளில் வருகின்றன. அஃதாவது, தொழிலோர் கற்கவேண்டிய பாடப்பொருள் பெரும்பாலும் அவர்தம் சொந்த நிறுவனத்தின் வரலாறேயாகும்.

இதன் உண்மையை ஒரு துயரநிகழ்ச்சி விளக்கும். அட்டிக்கமெக் இனத்தவரும் ஏழு குழந்தைகளின் தாயுமான ஜாய்ஸ் எச்சாகுவான் என்னும் 37 வயதுப் பெண்மணி 2020 செப்டம்பர் 28 அன்று கியூபெக் மாநிலத்து ஜோலியெட் மருத்துவமனையில் இறந்தார். இறப்பதற்குச் சற்றுமுன் பணியாளர் தம்மை இகழ்ந்து பேசியதை அவர் தம் கைபேசியில் நேரலையாக உலகறியச் செய்தார். அவ்விறப்பில் இனவெறியும் முற்சாய்வும் பங்குகொண்டன என்று மரண விசாரணை அதிகாரி 2021-இல் அறிவித்தார். அட்டிக்கமெக் மக்களின் சடங்குகளை அறியாமையா அவ்விகழ்ச்சிக்குக் காரணம்? வலியால் துடிக்கும் பெண்ணை ஏசலாகாது என்பதை அறிய எந்தப் பண்பாட்டுப் பாடமும் வேண்டியதில்லை. அங்கு இல்லாதிருந்தது தகவலன்று.

பின்னர் கியூபெக் அரசு சுகாதார ஊழியர்க்குப் பயிற்சி ஏற்பாடு செய்தது. ஆனால் அட்டிக்கமெக் மக்கள் அப்பெண்மணியின் பெயரால் வகுத்தளித்த கொள்கையறிக்கையை ஏற்க மறுத்தது. அமைப்பிலேயே இனவெறி உண்டென்று அது கூறுவதே மறுப்புக்குக் காரணம். பயிற்சியை ஏற்றுக் குற்றச்சாட்டை மறுப்பது எளிதாயிற்று. பயிற்சி எதற்குத் திரையாகக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. யோப்பாவும் அந்தியோகியாவும்

வேதாகமத்தில் இத்தகைய கல்வி பெற்ற ஒருவர் பேதுரு. அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரத்தில், யோப்பாவில் மேல்வீட்டின்மேல் அவர் ஒரு தரிசனத்தை மூன்றுமுறை காண்கிறார். ஆனால் கற்றல் அங்கே முடியவில்லை. கொர்நேலியுவின் வீட்டுக்குள் கால் வைத்தபின்னரே அதன் பொருள் அவருக்கு விளங்குகிறது. ரோமரின் வழக்கங்களைப் பற்றி அவருக்கு எவரும் விரிவுரை நிகழ்த்தவில்லை. மாறவேண்டியது தூய்மை தீட்டுப் பற்றிய அவருடைய சொந்த எண்ணமே. அவர் பிரசங்கம் முடியுமுன்னரே ஆவியானவர் இறங்கினார் என்பதும் நோக்கத்தக்கது. போதிக்க வந்தவர் கற்பவராக நின்றார்.

இக்கதையை இத்துடன் நிறுத்திவிடுவது நம் வழக்கம். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். அதே பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாருடன் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அஞ்சிப் பந்தியைவிட்டு விலகிக்கொண்டார். பர்னபாவும் இழுப்புண்டார். நிகழ்ச்சிகளின் காலவரிசை பற்றி அறிஞரிடையே வேறுபாடு உண்டெனினும், திருமறை நமக்குத் தரும் சித்திரம் இதுவே. தரிசனமும் அனுபவமும் பெற்று, எருசலேம் சபைக்குமுன் அதற்காக வாதாடியவர் தம் இனத்தார் முன்னிலையில் தளர்ந்துபோனார்.

தளர்ச்சிக்குக் காரணம் அறியாமையன்று, உடனிருப்போர்மேல் கொண்ட அச்சமே. மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் இதுவே நிகழ்கின்றது. இணையவழிப் பாடத்தில் சரியான விடையைத் தேர்ந்த செவிலியர், மூத்த செவிலியர் நோயாளியை இகழும்போது வாய்மூடி நிற்பார். அவருக்கு அப்போது வேண்டியது மற்றொரு பாடமன்று. முகத்துக்கு முகம் எதிர்த்துச் சொல்லும் ஒரு பவுலும், அவ்வாறு சொல்வோரைத் தண்டியாத ஓர் அமைப்புமே வேண்டும். ஆகவே தனியாளைத் திரைமுன் அமர்த்தி நடத்தும் பயிற்சி, அமைப்பிலே உள்ள நோயைத் தனியாளின் அறிவுக்குறையாக எண்ணி மருந்து கொடுக்கின்றது.

5. அறுபதாம் அழைப்பு

இதுவரை பிற தொழிலோரைப் பற்றிக் கூறியது நமக்குப் பின்னும் கூர்மையாகப் பொருந்தும். 60-ஆம் அழைப்பு இறையியல் மாணவர்க்கும், பூர்வகுடியினரிடையே பணிசெய்யும் போதகர்க்கும் நான்கு செய்திகளைக் கற்பிக்கக் கோருகின்றது. பூர்வகுடியினரின் ஆன்மிகத்தை அதனளவிலேயே மதித்தல், உறைவிடப் பள்ளிகளின் வரலாறும் அதில் திருச்சபைகளின் பங்கும், சமயப் பூசலால் குடும்பங்கள் பிளவுற்ற வரலாறு, அதனைத் தணித்து ஆன்மிக வன்முறையைத் தடுக்கும் திருச்சபையின் பொறுப்பு என்பன அவை. அப்பாடத்தைப் பூர்வகுடி ஆன்மிகத் தலைவரோடும் பள்ளிகளிலிருந்து மீண்டோரோடும் கூடியே வகுக்கவேண்டும் என்றும் அது கூறுகின்றது.

முதலாவது செய்தி நற்செய்திப் பணியைக் கைவிடச் சொல்வதாகாதோ என்று நம்மிற் சிலர் ஐயுறலாம். அவ்வையத்தை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் சாட்சி பகர்வது வேறு. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து, அவள் மொழியை அடித்து மறக்கச்செய்து, அதன்மேல் ஜெபத்தைக் கற்பிப்பது வேறு. பின்னதைச் செய்தவர்கள் கிறிஸ்துவின் நாமத்தால் செய்தனர். ஆதலால் சாட்சியின் நேர்மையைக் கருதியேனும் அவ்வரலாற்றைக் கற்பது திருச்சபையின் கடன்.

இதில் கனடா ஐக்கிய திருச்சபையின் அனுபவம் போதனை நிறைந்தது. 1986-இல் சட்பரி நகரில் கூடிய அதன் பொதுப்பேரவை, பூர்வகுடியினரிடம் மன்னிப்புக் கேட்டது. பூர்வகுடி மூப்பர்கள் அதைப் பெற்றுக்கொண்டனர். ஆனால் ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லவில்லை. 1988-இல் அளித்த மறுமொழியிலும் அவ்வாறே நின்று, அம்மன்னிப்பின்படி திருச்சபை வாழ்ந்துகாட்டும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்தனர். அதன் நினைவாக எழுப்பப்பட்ட கற்குவியலும் முடிக்கப்படாமல் விடப்பட்டது. உறைவிடப் பள்ளிகளுக்காகவே தனியாக மன்னிப்புக் கேட்க அத்திருச்சபைக்கு மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1998-இல்தான் அது நிகழ்ந்தது.

மன்னிப்புக் கேட்டவர் தாமே, மன்னிக்கப்பட்டோம் என்று அறிவித்துக்கொள்ள மூப்பர்கள் இடந்தரவில்லை. ராம்ஸ்டன் அம்மையார் கூறியதும் இதுவே. தீர்ப்பு பணிபெறுவோரிடம் இருக்கின்றது.

6. சான்றிதழை வழங்குவது யார்?

இப்பயிற்சிகளின் அடிப்படைக் குறை இப்போது தெளிவாகும். பிற தொடர்கல்விகளில் தொழிற்சங்கமே பாடம் வகுத்து, நேரத்தை எண்ணி, சான்றிதழ் வழங்கும். புதிய மருந்தைப் பற்றிய பாடத்துக்கு அது பொருந்தும். ஆனால் தவறிழைத்த நிறுவனமே தன் உறுப்பினர்க்கு, இவர் திருந்தினார் என்று எழுதிக் கொடுப்பது எங்ஙனம் பொருந்தும்? 1517-இல் மார்ட்டின் லூத்தர் எதிர்த்த பாவமன்னிப்புச் சீட்டுக்கும் இதற்கும் ஓர் ஒப்புமை உண்டு. மனந்திரும்புதல் ஒருநாட் செயலன்று, வாழ்நாள் முழுவதற்கும் உரியது என்றே அவர் தம் 95 கருத்துரைகளைத் தொடங்கினார். மெய்யான தொடர்கல்வி என்பதும் அதுவே.

இதனால் பயிற்சியை ஒழித்துவிடவேண்டும் என்பது நம் முடிவன்று. கட்டாயம் நீங்கினால் கற்கவேண்டியவர்களே முதலில் கல்லாதிருப்பர். பயிற்சி நிற்கட்டும், அதன் உரிமைகோரல் குறையட்டும். அது வாயிலேயன்றி வீடன்று. பாடத்தின் பெரும்பகுதி கற்போரின் சொந்த நிறுவனத்து ஆவணங்களிலிருந்து வரவேண்டும். அதனை வகுப்பதிலும் மதிப்பிடுவதிலும் பூர்வகுடியினர்க்கு அதிகாரம் இருத்தல் வேண்டும். விருந்தினராக வந்து ஒருநாள் பேசிப்போவது போதாது. நோயாளியும் கட்சிக்காரரும் அச்சமின்றி முறையிடவும், அம்முறையீட்டின்பேரில் நடவடிக்கை எடுக்கவும் வழியிருக்க வேண்டும். முறையீட்டுக்கு இடமில்லாத மருத்துவமனையில் ஆயிரம் சான்றிதழ்கள் சுவரில் தொங்கினும் பயனில்லை.

இறையியல் மாணவர்க்கு இதில் தனிக் கடமை உண்டு. திருச்சபை வரலாற்றைக் கற்கையில், மிஷனெரிகள் எழுதியனுப்பிய அறிக்கைகளோடு, அப்பள்ளிகளில் வாழ்ந்து மீண்டோர் ஆணையத்தின்முன் அளித்த வாக்குமூலங்களையும் பாடநூலாகக் கொள்ளவேண்டும். சகேயு தன் மனந்திரும்புதலைத் தன் வாயால் அறிவித்ததோடு நிற்கவில்லை. யாரிடம் எவ்வளவு பறித்தான் என்று கணக்குப் பார்த்து நான்கத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். அக்கணக்கு சரியா என்று சொல்லக்கூடியவர்கள் எரிகோவில் அவனிடம் பறிகொடுத்தவர்களே. கனடாவின் திருச்சபைகள் இன்று அந்தக் கணக்கின் முன்னே நிற்கின்றன. அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது ஆறு மணிநேரத்தில் முடியும் வேலையன்று.